கீழ் சிலிண்டர்

பனிக்கட்டி உடைந்து விலகிவிட்டால் ஆரல் கடற்கரையில் எல்லாருக்கும் ஒரே அவசரம். ஆற்றுமுகத்தில் முதலில் கழி நடுகிறவனுக்குத்தான் அந்த வருஷம் முழுக்க அங்கே வலை போடும் உரிமை. போன வருஷம் அது கைநழுவிப் போனதால் ஜானுசாக் இரண்டு ஒட்டகங்களை விற்றுத்தான் குளிர்காலத்தைத் தள்ளினான். இந்த வருஷம் விற்க ஒட்டகமும் இல்லை.

கழி படகில் தயாராகக் கிடந்தது. எஞ்சின்தான் மக்கர் செய்தது. கயிற்றை இழுத்தால் உயிர் வரும். உடனே உதறிப் புகை கக்கித் திக்கித் திக்கி ஓடும்.

"பெட்ரோலை வடிச்சு வைனு சொன்னேனே, வடிச்சியா?" என்று மனைவி உல்போசின் மேல் பாய்ந்தான்.

"அக்டோபர்லயே வடிச்சாச்சுங்க."

"அப்போ கொட்டகையில ஈரம் விட்டிருப்ப. ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா நீ?"

அவள் ஸ்பேனரை நீட்டினாள்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். புது பிளக்குகள் மாட்டினான். திக்கல் நிற்கவில்லை. அதற்கும் அவளுக்குத்தான் திட்டு: எஞ்சினுக்குப் போர்த்திய கம்பளி சரியில்லையாம். கோபக்காரனுக்குக் காரணமா பஞ்சம்?

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஓடும்போதே கீழ் சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தான். சத்தம் துளியும் மாறவில்லை. அந்தச் சிலிண்டர் முதலிலிருந்தே வேலை செய்யவில்லை. மேல் சிலிண்டருக்குப் பொறி தரும் காயிலைக் கீழே மாற்றியதும் நீலப் பொறி பளிச்சென்று வந்தது. ஆக, கெட்டது காயில்.

அதைக் கையில் எடுத்துத் திருப்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோடையில் அவன் வாங்கிப் போட்ட புதுக் காயில் அல்ல அது. விரிசல் விட்ட பழசு. மேலே சிவப்பு டேப். எதற்கெடுத்தாலும் சிவப்பு டேப் சுற்றுகிறவன் ஊரில் ஒருத்தன்தான், அவனுடைய அக்கா மகன் கைர்ஜான்.

"பிப்ரவரியில கொட்டகைச் சாவி கேட்டு வந்தான்ல," என்றாள் உல்போசின். "உங்களைக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன். 'அக்கா பிள்ளைதானே, குடு'ன்னீங்க."

அதற்குள் கைர்ஜானின் படகு சீராக உறுமிக்கொண்டு கரையோரமாக வந்தது. படகில் நீளமாக ஒரு கழி.

"மாமோய்! இது மூணாவது தடவை! கோவிச்சுக்கக் கூடாது!"

தாய்மாமன் பொருளில் அக்கா மகன் மூன்று முறை கேட்காமல் கை வைக்கலாம் என்பது அங்கே வழக்கம். மாமன் முகம் சுளிக்கக் கூடாது. ஐந்து வயதில் குதிரைக்குட்டியைக் கொண்டுபோனான், பிறகு வேட்டைநாயை. இரண்டையும் ஜானுசாக் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையாகச் சிரித்திருக்கிறான். மூன்றாவதாக இந்தக் காயில்; இதற்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கரையில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லபடியா போய்ட்டு வாடா மருமகனே!" என்று கையை உயர்த்தினான்.

படகு ஆற்றுமுகத்தின் பக்கம் திரும்பியதும் உல்போசினிடம் சீறினான். "உனக்கு அறிவு வேணாம்? அவன் பின்னாடியே கொட்டகைக்குள்ள போறதுக்கு என்ன?"

அவள் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"அவன் எடுக்குறதுக்கு மூணு தடவைனு ஒரு வரம்பு இருக்கு. நீங்க என்னைத் திட்டுறதுக்கு எத்தனை தடவைங்க?"

பெட்டியை அவன் காலடியில் வைத்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். இனி பயனில்லாத கழியைப் படகிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். அவளைக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.