சிலிண்டரில் கீறல்

என் வீட்டுக்காரர் தனக்கு ஒரு செருப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்குவார். வண்டிக்கு என்றால் மட்டும், கடையில் உசத்தி எது என்று கேட்டு எடுத்துவிடுவார். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பட்டறையில் நான் காத்திருக்க, பளபளக்கும் ஆயில் டப்பா ஒன்றைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வந்தார்.

பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. வண்டி கொசுமருந்து அடிப்பது போலப் புகைவிட்டதால், "திங்கக்கிழமையும் புகையோட வந்தா வேற வேலை பாத்துக்க" என்று கிடங்கு சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டாயிற்று. ஆயில் ஊற்றி ஓட்டிப் பழக்க வேண்டியதுதான் பாக்கி. கையில் இருந்தது மூன்று நாள்.

மெக்கானிக் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "ஃபுல் சிந்தெடிக்கா? பத்திரமா எடுத்து வைங்கண்ணே. இப்ப சாதா மினரல் ஆயில் போதும்."

"நல்லா இருக்கே நியாயம்! புது மாப்பிள்ளைக்குக் கிழிஞ்ச சட்டையா?" என்றவர், என் காதோரம் குனிந்தார். "நேத்து மாட்டுறப்ப பாத்தேன். சிலிண்டர் உள்ள பூரா கீறல். கீறிட்டு மறைக்கப் பாக்குறார்."

அவருக்கு ரகசியம் பேசவும் வராது. மெக்கானிக் நிமிர்ந்தார். "அந்தக் கீறலை நான்தாண்ணே போட்டேன். ரிங் அதுல உரசித்தான் பொருந்தி உக்காரும். இந்த உசத்தி ஆயில் ரொம்ப வழுக்கும், ரிங் உக்காராது. ஆயில் மேல ஏறும், திரும்பவும் புகைதான்."

இவர் உதட்டைப் பிதுக்கினார். நம்பவில்லை.

நான் பதினாறு வருஷமாகச் சுவர் பூசுகிறவள். "ஏங்க, போன வருஷம் ஒரு வாரம் எனக்குச் சித்தாளா வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதை ஏன் இப்ப இழுக்குற?"

"வழவழன்னு இருந்த தூணைக் கொத்தச் சொன்னேன். அழகான தூணை எதுக்குக் கொத்தணும்னு விட்டுட்டீங்க. பூச்சு எங்க விழுந்துச்சு?"

அவர் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. மெக்கானிக் ஸ்பேனர் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

"சரி சரி, சாதாவையே ஊத்துங்க."

மூன்று நாளும் ஆக்சிலேட்டரை ரொம்ப முறுக்காமல், வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொஞ்சம் இறக்கி ஓட்டினோம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். ஒருவர், "தள்ளிவிடணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

திங்கள் காலை, என்னை வேலைக்கு விடும் வழியில் கிடங்கு வாசலில் நிறுத்தினார். சூப்பர்வைசர் சைலன்சருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, முறுக்கச் சொன்னார். தாள் படபடத்தது. வெள்ளையாகவே இருந்தது.

"அட! என்ன ஆயில் போட்ட?"

"சாதா மினரல் சார். சுவரைக் கொத்தினாத்தானே பூச்சு பிடிக்கும்? இன்ஜினும் அப்படித்தான். அனுபவத்துல சொல்றேன்."

பின்சீட்டில் நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். மடியில் இருந்த பூச்சுக் கரணைப் பை மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.