காதுக்கு வாங்கிய செற்

குருநகரில் கடலுக்குப் போய் வந்த ஆம்பிளைகளுக்குக் காது மந்தம் என்பது ஊரறிந்த விஷயம். ஆயுள் முழுக்கப் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தால் வேறென்ன நடக்கும்? அதனால்தான் கிறிஸ்துநாயகத்தின் வீட்டு ரேடியோ தெருமுனை வரைக்கும் கத்தியபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இவருக்குக் கேட்காது, அதுதான் கூட்டிவைக்கிறேன் என்று மனைவி யசிந்தாவும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தாள். கிறிஸ்துநாயகமும் நம்பினார். தன் காதை ஒருநாளும் சோதித்துப் பாராத மனிதர் அவர்.

பின்னேரச் செபமாலை முடிந்ததும் இருவரும் பழைய பாட்டுக் கேட்பார்கள். கல்யாணமான நாள் தொட்டு அவர்களுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான். மீதியைக் கடலும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளாக அந்த நேரமும் கெட்டுப்போயிருந்தது. கூட்டிவைத்தால் ரேடியோ கரகரத்துச் சொல்லெல்லாம் குழைந்துவிடும். யசிந்தா பாதியிலேயே எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். தன்னுடைய பாழாய்ப்போன காதுக்காக அவள் இந்த இரைச்சலைச் சகிக்கிறாளே என்று நினைக்க அவருக்கு நெஞ்சு வலித்தது.

அதற்காகத்தான் ஸ்பீக்கர் பெட்டிகளோடு அந்தப் பெரிய பாட்டுச் செற்றை வாங்கினார். எல்லாம் படகையும் எஞ்சினையும் விற்ற காசு. கோயில் திருநாள்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற பக்கத்து வீட்டு லெனாட் தலையில் கைவைத்துக்கொண்டான். நல்ல செற்றுக்கும் மட்டமானதுக்கும் வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனால் ஓர் அளவுக்கு மேலே கொடுக்கிற காசெல்லாம் பெயருக்கும் பளபளப்புக்கும்தான், அதுவும் எஞ்சின் தின்ற காதுக்கு இது எதற்கு என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தான். குறைத்துவைத்தாலும் சொல் சொல்லாகக் கேட்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கிறிஸ்துநாயகத்துக்கு அது போதும்.

பேசிப் பேசியே லெனாட் வயரெல்லாம் இழுத்து எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று பின்னேரம் கிறிஸ்துநாயகம் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார். போட்டவர் அசந்துபோனார். பாடுகிறவள் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. வயலின் ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம் என்று ஆளாளுக்கு அறைக்குள் வந்து இருந்துவிட்டார்கள். அவர் காதுக்கு ஒரு குறையுமில்லை! இத்தனை நாளும் கரகரத்தது ரேடியோ, வீண் பழி காதுக்கு.

அந்தச் சந்தோஷத்தில் யசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடிச் சிரித்தபடி, தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. அவள் கை நிற்கவில்லை. அறை சத்தமில்லாமல் கிடக்க, அவள் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டேயிருந்தாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. ரேடியோவைக் கூட்டிவைத்தது அவருக்காக இல்லை. கூட்டியும் சொல் பிடிபடாமல்தான் அவள் பாதியில் எழுந்து போயிருக்கிறாள். ஒருவருக்கும் சொல்லாமல், கணவனின் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தனியாக எவ்வளவு பயந்திருப்பாள்! அவருக்குக் கோபம் வரவில்லை. பாவம் என்றுதான் தோன்றியது, கண்ணும் கலங்கியது.

அவள் தோளைத் தொட்டு, கிட்டப் போய் உரக்கச் சொன்னார்.

"இஞ்சேரும், எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. கொஞ்சம் கூட்டிவிடும்."

அவள் முகம் மலர்ந்தது. எழுந்துபோய்க் குமிழைத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஆனால் பாட்டுக் கரகரக்கவில்லை. அவ்வளவு உரத்தும் சொல் சொல்லாகவே வந்தது. யசிந்தா கூடவே பாடத் தொடங்கினாள், ஓரிடமும் பிசகாமல். எஞ்சின் போனால் போகட்டும் என்று கிறிஸ்துநாயகம் நினைத்தார்.

இரண்டாம் பாட்டுக்குள் லெனாட் வாசலில் வந்து நின்றான். பாட்டை நிறுத்தவேண்டியதாயிற்று. தெருவே சிரிக்கிறது என்றான். செவிட்டு மனிதருக்குக் கேட்கட்டும் என்று அடித்தொண்டையால் கத்தினான்.

"அண்ணை, நான் அப்பவே சொன்னனான். உங்கடை காதுக்கு உது வீண் காசு."

"ஓம் லெனாட்," என்று கிறிஸ்துநாயகமும் உரக்கவே சொன்னார். "என்ரை காது சரியான மோசம்தான்."

யசிந்தா கணவனின் முகத்தைப் பார்த்தாள். ஈரம் காயாத அந்தக் கண்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வந்து, லெனாட்டுக்கு முன்னாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு நல்லாக் கேக்கும், தம்பி. எனக்குத்தான் கேக்கிறேல்லை."