மொக்கையனுக்குப் பின் முதலாம் ஆண்டு

ஊரெல்லாம் நள்ளிரவில் பிறக்கும் இயேசு, இந்த வருடம் தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிசனில் மாலை ஐந்தரைக்கே பிறந்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. ஆறரைக்குள் பூசை முடிய வேண்டும். ஏழு மணிக்குள் எல்லோரும் வரிசையாய் நிற்கும் லயத்து வீடுகளுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதற்குமேல் பாதை யானைகளுடையது. சின்னக்கானல் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோயில் பலகையில் நேரத்தைப் படித்தவர்கள் நகர்ந்தார்கள். போன வருடத்து இரவு எல்லோருக்கும் நினைவிருந்தது.

பிரகாசி மட்டும் நகரவில்லை. நேரத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "பிறப்பு அறிக்கை: பிரகாசி செபமாலை."

கிறிஸ்துமஸ் பூசை தொடங்கும் முன் கோயிலில் விளக்குகளைக் குறைத்துவிட்டு ஒருவர் பீடத்தருகே நின்று அந்த அறிக்கையைப் பாட வேண்டும். ரோமாபுரியிலிருந்து வந்த பழைய வழக்கம் அது. உலகம் உண்டாகி எண்ண முடியாத காலம் ஆயிற்று என்று தொடங்கும். ஆபிரகாம் பிறந்து இத்தனை நூற்றாண்டு, மோசே மக்களை எகிப்திலிருந்து அழைத்து வந்து இத்தனை, தாவீது முடிசூடி இத்தனை என்று படிப்படியாக இறங்கும். நூற்றுத் தொண்ணூற்று நான்காம் ஒலிம்பியாடு, ரோமை நகரம் எழுந்த எழுநூற்று ஐம்பத்திரண்டாம் ஆண்டு, அகுஸ்து சீசரின் நாற்பத்திரண்டாம் ஆண்டு. எல்லாக் கணக்கும் வந்து ஒரே இரவில், ஒரு மாட்டுத் தொழுவத்தில் முட்டி நிற்கும். லயத்தில் அதற்கு வருசக் கணக்கு என்று பெயர். பதினொரு வருடமாகப் பிரகாசிதான் பாடி வந்தாள். பகலில் கொழுந்து பறிக்கும்போதும் அந்த ராகம் அவள் வாயில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கோயிலின் வருசக் கணக்கில் வேறெங்கும் இல்லாத ஒன்று உண்டு. சீசருக்குப் பிறகு இரண்டு வரிகளை அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் சேர்த்து வைத்திருந்தார். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த தொண்ணூற்றொன்பது வெள்ளம் இந்த மலையை மூடிய இத்தனையாவது ஆண்டில் என்பது ஒன்று. கோயிலுக்கு ஓடு வேய்ந்த இத்தனையாவது ஆண்டில் என்பது இன்னொன்று. வருடந்தோறும் எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொள்வார்கள். வெள்ளத்துக்கு இந்த வருடம் நூற்றொன்று.

புதிதாக வந்திருந்த ஜெரால்டு ஃபாதர் அந்த இரண்டு வரிகளையும் பென்சிலால் அடித்திருந்தார்.

"சேச்சி, இது உலகம் முழுக்க ஒரே பாட்டு," என்றார். கோட்டயம் பக்கத்துக்காரர், தமிழை நிதானமாக, தப்பில்லாமல் பேச முயல்பவர். "இதுல நம்ம எஸ்டேட் விசேஷம் எழுதினா நாளைக்கு யூனியன் தேர்தலும் வரும்."

"வெள்ளம் போனாப் போகுது சாமி. எனக்கு வேற ஒரு வரி சேக்கணும்."

"கோடு போட்ட இடத்துல இன்னொரு வரியா?" ஃபாதர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "யாரைப் பத்தி?"

"மொக்கையன் அண்ணன்."

மொக்கையன் எஸ்டேட்டின் இரவுக் காவலாளி. போன கிறிஸ்துமஸ் இரவில், நெடுமரத்து வளைவில் யானையால் செத்தவன்.

"பாவம். மன்றாட்டுல அவருக்காக வேண்டிக்கலாமே. ஆனா அவர் நம்ம சபையில்லை. வேதசாட்சியுமில்லை."

"மன்றாட்டுல சொன்னா அடுத்த வருசம் வேற பேரு வந்துரும் சாமி. இதுல ஏறுனா வருசா வருசம் ஒண்ணு கூடும்."

ஃபாதர் தலையசைத்தார். முடியாது என்பதற்கான தலையசைப்பு.

"கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஸ்தேவானுக்குத் திருநாள்," என்றாள் பிரகாசி. "கல்லடிபட்டுச் செத்தவரு. சரி, அவரு சபைக்காரரு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மாசில்லாக் குழந்தைங்க திருநாள். பெத்லகேம்ல ஏரோது வெட்டிப்போட்ட பச்சப்புள்ளைங்க. அதுக எப்ப ஞானஸ்நானம் வாங்குச்சு சாமி? யாருக்குப் பதிலா சாவுறோம்னு அதுகளுக்குத் தெரியுமா?"

ஃபாதர் பென்சிலை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அவர் வீட்டுல கேட்டீங்களா?" என்றார். "முதல்ல அவங்க சம்மதம் வேணும். அப்புறம் பேசலாம்."

அதற்குத்தான் அவள் பயந்தாள்.

போன வருடம் அன்று இரவு சின்னவனுக்குக் காய்ச்சல். பத்து மணி ஜீப்பில் லயமே கோயிலுக்குப் போயிற்று. புருசன் செபமாலை மருந்து வாங்கி வந்து பிள்ளையருகே உட்கார, பிரகாசி கிளம்பியபோது பதினொன்று ஆகிவிட்டது. நடந்தால் இரண்டு கிலோமீட்டர். கீழ் ஸ்டோர் வாசலில் காவலில் இருந்த மொக்கையனைப் போய்க் கூப்பிட்டாள். "ஒரு எட்டு கொண்டுபோய் விட்டுருங்கண்ணே. நான் போகாட்டி வருசக் கணக்கு வாசிக்க ஆளில்ல." அவன் தன் காவலிடத்தை விட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தான். நெடுமரத்து வளைவில் அவளைக் கையால் தடுத்தான்.

"பொறு தாயி. ஈத்தை ஒடியிற சத்தம் கேக்கு."

யானை தின்னும் ஈத்தை மூங்கில் புதர்ப் பக்கமிருந்து அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் கோயில் மணியின் முதல் அடி கேட்டது. "நேரமாச்சுண்ணே, நடங்க," என்றாள்.

அவன் அவளை ஒரு முறை பார்த்தான். முன்னால் நடந்தான். பத்தடிதான். பிறகு அவளைத் தேயிலைச் செடிகளுக்கிடையில் இருந்த குழிக்குள் தள்ளியதும், டார்ச்சை ஆட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியதும் அவளுக்கு நினைவிருக்கிறது. அதன்பின் நினைவிருப்பதெல்லாம் சத்தங்கள்.

விசாரிக்க வந்தவர்களிடம் "அவரு ரோந்துல வந்தாரு, வழியில பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு முறை சொன்ன பொய்யை இரண்டாம் நாள் மாற்ற முடியவில்லை, பத்தாம் நாள் அது கல்லாகிவிட்டது. கீழ் ஸ்டோரில் இருக்க வேண்டிய காவலாளி வளைவில் எப்படி வந்தான் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு ஊரே பதில் கண்டுபிடித்தது. கிறிஸ்துமஸ் ராத்திரி, யாரோ ஊற்றிக் கொடுத்திருப்பார்கள், போதையில் வழி தப்பியிருப்பான். பிறகு அதைச் சொல்லும்போது 'இருப்பான்' கூட உதிர்ந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரகாசி அடுத்த லயத்துக்குப் போனாள். வரிசையில் எல்லா வாசலிலும், விபூதி பூசியவர்கள் வாசலிலும் சிலுவை மாட்டியவர்கள் வாசலிலும், காகித ஸ்டார் தொங்கியது. மொக்கையன் மனைவி ராமுத்தாய் வீட்டில் மட்டும் இல்லை. அவன் போன பிறகு அந்த வீட்டில் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. ராமுத்தாய் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். மகள் மோனிஷா, ரிசார்ட் வேலைக்குக் கிளம்பியவள், ஷூ மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"என்ன அத்தே, இந்த வருசமும் ஒலிம்பிக்ஸ் கணக்கு உண்டா? வேர்ல்டு கப்பையும் சேத்துக்கிருங்க."

"போடி, பஸ்ஸு போயிரும்," என்றாள் ராமுத்தாய். மோனிஷா போன பிறகு, "உக்காரு புள்ள. என்ன, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

பிரகாசி உட்காரவில்லை. "மதினி, அண்ணன் பேரை வருசக் கணக்குல சேக்கணும்னு ஆசை. அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு அண்ணன் ரோந்துல வரல. குடிக்கவும் இல்ல. நான் போயிக் கூப்புட்டேன். வளைவுல நின்னு பொறுன்னாரு. நேரமாச்சு நடங்கன்னு நாந்தான் சொன்னேன்."

கோடாரி ஓங்கியபடி நின்றது. பிறகு இறங்கியது. ராமுத்தாய் அந்தக் கட்டையை இரண்டாகப் பிளந்தாள். அடுத்ததை எடுத்து வைத்தாள். அதையும் பிளந்தாள். நான்காவது கட்டைக்குப் பிறகுதான் வாய் திறந்தாள்.

"ஒரு வருசமா எம் பக்கத்து நிரையில நின்னு கொழுந்து பறிச்ச."

"ஆமா மதினி."

"குடிகாரன் பொண்டாட்டின்னு அந்தக் காளிச்சாமி எம் மூஞ்சிக்கு நேரா சொன்னப்ப நீ கூடையத் தூக்கிக்கிட்டு எங்கூடத்தான் நின்ன."

"ஆமா."

"எம் மகளே அப்பனைச் சந்தேகப்பட்டா. தெரியுமா ஒனக்கு? எனக்கும் சில ராத்திரி..." ராமுத்தாய் முடிக்கவில்லை. சிதறிய சிம்புகளைக் காலால் ஒதுக்கினாள். அழுவாள் என்று பிரகாசி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. "அவரு பேரைப் போடு. ஆனா பொய்யாப் போடாத. ரோந்து போனாரு, சாமிக்காகச் செத்தாருன்னு எதையாச்சும் படிச்ச, நான் உள்ள வந்து அந்தத் தாளைக் கிழிப்பேன். யாரு கூப்புட்டா, யாரு அவசரப்படுத்துனா, அதையும் சேத்துப் படி. எல்லாரும் இருக்கயில."

"படிக்கேன் மதினி."

"போ. இப்ப எங் கண்ணு முன்னால நிக்காத."

அன்றே செபமாலையிடமும் சொன்னாள். அவன் வெகுநேரம் காய்ச்சலில்லாத சின்னவனின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். "படிச்சா இந்த எஸ்டேட்டுல தலை நிமிந்து நடக்க முடியாது, யோசிச்சுக்கோ," என்றான். கொஞ்சம் கழித்து, "படிக்காட்டியும் நீ நிமிந்து நடக்கலதான்," என்றான்.

இருபத்துநான்காம் தேதி, நாலரை மணிக்கு, ஃபாதரிடம் எழுதிய வரியை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். சாளரத்துக்கு வெளியே, குடிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். குழந்தை இருக்க வேண்டிய இடம் இன்னும் காலியாக இருந்தது.

"இதுக்கு நான் அனுமதி தர முடியாது சேச்சி," என்றார். தாளை மடித்து அவள் கையிலேயே வைத்தார். "ஆனா பூசை தொடங்குறது மணி அடிச்ச பிறகுதான். அதுவரைக்கும் நான் உள் அறையில உடுப்பு மாத்திட்டிருப்பேன். அங்க ஒண்ணும் கேக்காது."

அந்த அறைக்குச் சுவர் தகரம். உள்ளே இருமினால் கடைசிப் பெஞ்சு வரை கேட்கும்.

ஐந்தரைக்கு விளக்குகள் அணைந்தன. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்ததால் கோயில் இருளவில்லை. எல்லோர் முகமும் தெரிந்தது. அது பிரகாசிக்குக் கடினமாக இருந்தது. நள்ளிரவுப் பூசையில் அவள் இருட்டைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறாள். இப்போது காளிச்சாமி தெரிந்தான், சூப்பர்வைசர் தெரிந்தார், வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் ராமுத்தாய் தெரிந்தாள். பக்கத்தில் மோனிஷா.

பாடத் தொடங்கினாள். ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் கடந்து போனார்கள். ஒலிம்பியாடு வந்தபோது மோனிஷா சிரிக்கவில்லை. ரோமை நகரம் வந்தது. சீசர் வந்தார். பென்சில் கோடு வந்தது. வெள்ளத்து வரியையும் ஓடு வேய்ந்த வரியையும் அவள் விட்டுவிட்டாள். மூச்சை இழுத்து, அதே ராகத்தில், குரல் எங்கே உடையும் என்று தெரியாமல் பாடினாள்:

"நேரமாயிற்று என்று பிரகாசி அவசரப்படுத்த, குடிக்காமலும் வழி தவறாமலும், அவள் கூப்பிட்டதற்காகத் துணை வந்த மொக்கையன், அவளைக் காத்து யானை முன் நின்ற முதலாம் ஆண்டில்..."

பெஞ்சுகளில் ஓர் அசைவு ஓடி நின்றது. யாரோ, "என்னது?" என்றார்கள். காளிச்சாமி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தகரச் சுவருக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

அடுத்த வரி, உலகமெல்லாம் அமைதியாயிருந்தபோது என்பது. பதினொரு வருடமாக அதை அவள் யோசிக்காமல் பாடியிருக்கிறாள். இப்போது அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. எந்த உலகம், எந்த அமைதி? வாசற்படியைப் பார்த்தாள். ராமுத்தாய் மோனிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக அவளையே பார்த்தாள். மன்னிக்கிற பார்வை இல்லை. மேலே படி என்கிற பார்வை. அவ்வளவுதான்.

பிரகாசி பாடினாள். உலகமெல்லாம் அமைதியாயிருந்தபோது, யூதேயாவின் பெத்லகேமில், கன்னி மரியாளிடம் அவர் பிறந்தார் என்ற இடத்தில் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். செபமாலை முழந்தாளிட்டான், காளிச்சாமி முழந்தாளிட்டான். ராமுத்தாய் நின்றாள். மணி அடித்தது. ஃபாதர் சிவந்த கண்களோடு வெள்ளை உடுப்பில் வெளியே வந்து, குழந்தையின் சுரூபத்தைத் துணியில் ஏந்திக் குடிலுக்கு நடந்தார்.

பூசை முடிந்தபோது ஆறரை. யாரும் பிரகாசியிடம் வந்து கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லவில்லை. கேக் துண்டு மட்டும் கைமாறிக் கைமாறி அவளிடமும் வந்தது. ஜீப்பில் வயதானவர்களும் பிள்ளைகளும் போக, மற்றவர்கள் கூட்டமாக நடந்தார்கள். யானை அணைக்கட்டின் மறுகரையில் நிற்பதாக வனத்துறை வாட்சர் ஊர் வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டிருந்தார். ராமுத்தாய் எல்லோருக்கும் முன்னால், மொக்கையனின் பழைய டார்ச்சோடு போனாள். பிரகாசி கடைசியில் நடந்தாள்.

நெடுமரத்து வளைவில் கூட்டம் நின்றது. ராமுத்தாய் நின்றதால் நின்றது.

"பிரகாசி," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. நாற்பது பேர் வழிவிட்டார்கள். அவள் அவர்களுக்கு நடுவில் நடந்து போனாள்.

"இங்கனயா?"

"இங்கனதான் மதினி. நான் அந்தக் குழியில. அண்ணன் அந்தக் கல்லுக்கு அங்கிட்டு."

"எந்த இடத்துல பொறுன்னாரு?"

பிரகாசி பத்தடி பின்னால் வந்து காலால் காட்டினாள். ராமுத்தாய் அங்கே வந்து நின்றாள். டார்ச்சை அணைத்தாள். ஈத்தைக் காட்டின் பக்கம் காதைக் கொடுத்தாள். பின்னால் ஒருவர் பின் ஒருவராகக் கைபேசி விளக்குகளை அணைத்தார்கள். குளிர் கால் விரல்களில் ஏறியது. மலைக்கு மேல் மிச்சமிருந்த வெளிச்சமும் வடிந்தது. ஏழு மணிக்குள் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்பது நாற்பது பேருக்கும் தெரியும். நேரமாச்சு என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கும் ஓர் ஈத்தைகூட ஒடியவில்லை.

கேட்க வேண்டிய அளவு கேட்டு முடித்தபின் ராமுத்தாய் மறுபடி டார்ச்சைப் போட்டாள்.

"இப்ப நட," என்றாள்.