குருமூர்த்தி போட்ட கையெழுத்து

லீவில் ஊருக்குப் போகிறவன் திரும்பி வருவான் என்று, கூட வேலை செய்கிற ஒருவன் கையெழுத்து வைத்துப் பிணை நிற்கவேண்டும். சவுதிப் பாலைவனத்தில் யாழ்ப்பாணத்து யோகலிங்கம் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பனியில் அதுதான் சட்டம். போனவன் வராவிட்டால் பிணை நின்றவனுக்கு லீவும் இல்லை, ஊரும் இல்லை. அவனுடைய பாஸ்போர்ட் மனேஜரின் இரும்பு அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். இந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்த மகாராசன் மனிதர்களை நன்றாக அறிந்தவனாக இருக்கவேண்டும். காவல்காரன் வைத்து மறிப்பதைவிடச் சிநேகிதனை வைத்து மறிப்பது சுலபம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

1985 ஏப்ரலில் யோகலிங்கத்துக்காகக் கையெழுத்து வைத்தவன் குருமூர்த்தி. மன்னார்குடிக்காரன், சர்வேயர். இருவரும் நாலு வருஷம் ஒரே தகரக் கபினில் எதிரெதிர்க் கட்டிலில் படுத்தவர்கள். சலூனுக்குப் போவதென்றால் மூன்று மணி நேரம் மணலுக்குள் ஓடவேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமைகளில் இவன் தலையை அவன் வெட்டுவான், அவன் தலையை இவன் வெட்டுவான். இருவருக்கும் வெட்டத் தெரியாது. காம்ப் முழுவதும் பார்த்துச் சிரிக்கும். ஒருமுறை யோகலிங்கத்துக்கு மஞ்சட்காமாலை வந்து படுத்தபோது, பதினேழு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்து, சத்தி எடுத்ததை அள்ளி, உடம்பு துடைத்துவிட்டவன் குருமூர்த்தி. கூடப் பிறந்தவன்கூட மூக்கைப் பொத்தியிருப்பான்.

பிணைப் படிவத்தை நீட்டியபோது அவன் அதை வாசிக்கவே இல்லை. "எங்கடா போடணும்?" என்று மட்டும் கேட்டான்.

அப்போதே யோகலிங்கத்தின் மனதில் லண்டன் எண்ணம் இருந்ததா என்றால், இருந்தது. அரைவாசி இருந்தது. மற்ற அரைவாசி கொழும்பில் இறங்கியபின் வந்தது. மே மாதத்துக்குப் பிறகு விசா இல்லாமல் லண்டனில் போய் இறங்கமுடியாது, கதவைச் சாத்தப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கதை. "நீங்கள் முதல்லை போங்கோ. போய் எங்களைக் கூப்பிடுங்கோ. இஞ்சை சண்டைக்குள்ளை பிள்ளையை வைச்சுக்கொண்டு இருக்கேலாது" என்று மனைவி பாலாம்பிகை அழுதாள். யோகலிங்கம் விமானம் ஏறிவிட்டான். குருமூர்த்திக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. பிறகு எழுதாமல் விட்டதே இன்னொரு வெட்கமாகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து, 1986 ஜனவரியில், ஸ்ட்ரெதம் ஹை ரோட்டுக்குப் பின்னால் ஐந்து ஆண்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கசெற். குருமூர்த்தி யாழ்ப்பாண விலாசத்துக்கு அனுப்பியதைப் பாலாம்பிகை லண்டனுக்குத் திருப்பி அனுப்பியிருந்தாள். யோகலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து அதைப் போட்டான்.

"யோகா, நான் குரு பேசறேன். நல்லாயிருக்கியா? அங்க ரோடெல்லாம் அடைச்சு வெச்சிருக்காங்கன்னு பேப்பர்ல பார்த்தேன். நீ வரமுடியாமத்தான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். மேனேஜர்கிட்டயும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன். எனக்கு அக்டோபர்ல லீவு வந்துச்சு, குடுக்கல. பாப்பாவுக்கு ஒண்ணரை வயசாகுது, இன்னும் நான் பார்க்கல. வத்சலா என் போட்டோவைக் காட்டி அப்பான்னு சொல்லிக் குடுத்திருக்கா. இப்ப பேப்பர்ல எவன் போட்டோ வந்தாலும் அப்பாங்குதாம்." இந்த இடத்தில் அவன் சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் ஏசி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. "அப்புறம் யோகா, மார்ச்சோட இந்த புராஜெக்ட் முடியுது. எல்லாருக்கும் எக்ஸிட் விசா அடிக்கறாங்க. எனக்கு மட்டும் கிடையாதாம். நீ வரலேன்னா என்னைப் போலீஸ்ல ஒப்படைப்பேங்கறார் மேனேஜர். சும்மா மிரட்டறார்னு நினைக்கறேன். முடிஞ்சா வந்துடு. முடியலேன்னா... முடிஞ்சா வந்துடுடா."

ஒரு வசவுச் சொல் இல்லை. திட்டியிருந்தால் யோகலிங்கம் எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பான். மார்ச் மாதத்துக்கு எட்டுக் கிழமைகூட இல்லை.

மறுநாளே மோர்டனுக்கு ஓடினான். அங்கே அவனுடைய அகதி வழக்கைப் பார்க்கிற சொலிசிட்டரின் கந்தோரில் தியாகராஜா என்றொரு கிளார்க் இருந்தார். வழக்கை விட்டுவிடுகிறேன், குடிவரவுக்காரரிடம் இருக்கிற பாஸ்போர்ட்டை வாங்கித் தாருங்கள், சவுதிக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று யோகலிங்கம் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, கேஸை விட்டால் பாஸ்போட்டை உங்கடை கையிலை தரமாட்டினம். கொழும்புக்குப் போற பிளேன்காரனிட்டைத்தான் குடுப்பினம். சவுதிக்குத் திரும்பிப் போற விசாவும் ஆறு மாசத்தோடை முடிஞ்சுது. நீங்கள் விரும்பினாலும் அங்கை போகேலாது."

"வேறை வழி ஒண்டும் இல்லையோ?"

"எனக்குத் தெரிய இல்லை."

118ஆம் நம்பர் பஸ்ஸில் திரும்பி வந்தவன் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பிரிக்ஸ்டன் வரை போய், அந்தக் குளிரில் நடந்து வந்தான். தானும் போகமுடியாது, அவனையும் எடுக்கமுடியாது. காம்ப் காலியாகி, லொறிகள் புறப்பட்டு, குருமூர்த்தி தன் பெட்டியோடு தனியே நிற்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஐந்து நாள் யோகலிங்கம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஆறாம் நாள் றெஜினோல்ட் வாயைத் திறந்தார். அதே வீட்டில் மேல்மாடி அறை, அதே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. சவுதியில், தமாமில் ஏழு வருஷம் வெயில் குடித்துவிட்டு வந்தவர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அது நல்ல வழியா என்று மட்டும் கேட்கக்கூடாது.

"இஞ்சை பார் யோகம். அந்தாளை விடவேணுமெண்டால் ஒண்டில் நீ திரும்பிப் போகவேணும், இல்லாட்டி நீ சாகவேணும். செத்தவனைக் கொண்டுவா எண்டு எந்தக் கம்பனிக்காரனும் கேக்கமாட்டான். எங்கடை காம்பிலை கண்ணாலை கண்டனான். லீவிலை போன ஒருத்தன் பஸ் அடிச்சுச் செத்தவன். மரணப் பத்திரம் வந்துது. பிணை நிண்டவனுக்கு அடுத்த கிழமை டிக்கட்."

"விசர்க்கதை கதையாதேங்கோ, அண்ணை."

"ஊரிலை இப்ப நாளுக்குப் பத்துச் சாவு. அதோடை உன்ரை பேரையும் ஒருத்தன் எழுதினால் ஆருக்குத் தெரியப்போகுது?"

யோகலிங்கம் இரண்டு நாள் அதை வெறுத்தான். மூன்றாம் நாள், "அப்ப குருவுக்கு முதல்லையே சொல்லிப்போடவேணும்" என்றான். தீர்மானித்துவிட்டான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"சொன்னால் அந்தாள் மனேஜருக்கு முன்னாலை அழுது நடிக்கவேணும். நடிப்பாரோ?"

நடிக்கமாட்டான். சீட்டு விளையாடும்போது நல்ல சீட்டு வந்தாலே குருமூர்த்திக்குக் காது சிவந்துவிடும். போதாததற்கு, காம்புக்கு வருகிற கடிதங்களை ஒபீசில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சரி, அவன் நிம்மதியாக ஊர் போய்ச் சேரட்டும், பிள்ளையைத் தூக்கட்டும், அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எழுதலாம், வேண்டுமட்டும் திட்டட்டும் என்று யோகலிங்கம் கணக்குப் போட்டான். ஒன்றரை மாதத் துக்கம்தானே என்று நினைத்தான். அப்படியும் நினைக்க ஒரு மனிதனால் முடிந்திருக்கிறது.

தன்னைச் சாகடித்துத் தரும்படி தன் மனைவிக்குத் தானே கடிதம் எழுதினான். எழுதி முடிக்க மூன்று தாள் கிழிந்தது. ஒரு மாதம் கழித்துப் பாலாம்பிகையிடமிருந்து பதில் வந்தது. "என்னைத் தெரியாத ஒரு பகுதியிலை போய்ச் சாவைப் பதிஞ்சன். ஆமி அடிச்ச செல் விழுந்து செத்ததாய் எழுதியிருக்கு. கம்பனிக்கு அனுப்பிப்போட்டன். அந்த மனுசனுக்காகத்தான் செய்தனான். இனிமேல் இப்பிடி ஒண்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ." வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவள் அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

மார்ச் நடுப்பகுதியில் அடுத்த கடிதம் வந்தது. கம்பனி அனுதாபம் தெரிவித்து எழுதியிருக்கிறதாம், குருமூர்த்தி பிணையிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டானாம். யோகலிங்கம் அதை நின்றபடி வாசித்தான், பிறகு இருந்து வாசித்தான், பிறகு மாடிப்படியில் ஓடிப்போய் றெஜினோல்ட்டுக்கு வாசித்துக் காட்டினான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் றெஜினோல்ட் ஆட்டிறைச்சி வாங்கி வந்து குழம்பு வைத்தார். "உன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டை நீயே இருந்து தின்னுறாய். இந்தக் குடுப்பினை ஆருக்கு வரும்?" என்று அவர் அகப்பையோடு நின்று சொல்ல, வீட்டில் இருந்த ஐந்து பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு யோகலிங்கம் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான்.

குருமூர்த்தி எப்படிப்பட்டவன் என்பதை அவன் நாலு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தான். பார்த்திருந்தும் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டான்.

ஏப்ரல் முதற் கிழமையில் பாலாம்பிகையின் மூன்றாவது கடிதம் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் தபால்காரனிடம் வாங்கி, பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து உடைத்தான்.

"போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் 'யோகலிங்கம் வீடு இதுங்களா?' எண்டு கேற்றடியிலை ஒரு சத்தம். கசெற்றிலை கேட்ட குரல். உள்ளுக்கை ஓடிப்போய்ப் பொட்டை அழிச்சுப்போட்டு வெளியிலை வந்தன். அவர்தான். ஊருக்குப் போற வழியிலை கொழும்பிலை இறங்கி, எங்களைப் பாக்க வந்திருக்கிறார். தன்ரை பிள்ளையை இன்னும் பாக்கேல்லையாம். முதல்லை இஞ்சை வரவேணுமெண்டு நினைச்சவராம். வவுனியாவிலை ஆமிக்காரர் பஸ்ஸாலை இறக்கி, ஒரு பகல் முழுக்க வெய்யிலிலை வைச்சிருந்தவங்களாம். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"'அவன் முகத்தைத்தான் பார்க்க முடியல, வீட்டையாவது பார்க்கணும்னு வந்தேங்க' எண்டார். எங்கடை பிள்ளையைத் தூக்கி மடியிலை வைச்சுக்கொண்டு, 'இனிமே எனக்கு ரெண்டு குழந்தைங்க, எது வேணும்னாலும் எழுதுங்க' எண்டு ஒரு துண்டிலை தன்ரை ஊர் விலாசத்தை எழுதி மேசையிலை வைச்சார். அதோடை என்னாலை ஏலாமல் போச்சு. சொல்லிப்போட்டன். எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்.

"அவர் முதல் சொன்னது, 'நீங்க உள்ள போய்ப் பொட்டு வெச்சுக்கிட்டு வாங்கம்மா' எண்டதுதான். வைச்சுக்கொண்டு வந்தன். தேத்தண்ணி குடிச்சார். நான் அழுது மன்னிப்புக் கேட்டன். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாத்தாமல் எழுதிறன். 'லண்டனுக்கு ஓடப்போறேன்டா, உன்னை மாட்டிவிட்டுத்தான் போறேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தாக்கூடக் கையெழுத்துப் போட்டிருப்பேங்க. அதுக்காக எனக்குக் கோபமில்ல. ஆனா செத்துட்டான்னு சேதி வந்தப்ப, அந்த ரூம்ல தனியா உக்காந்து அவனை அழுது தீர்த்துட்டேன். மறுபடி ஆரம்பிக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. அவன் நல்லாயிருக்கட்டும். எனக்கு லெட்டர் மட்டும் போடவேண்டாம்னு சொல்லுங்க.'

"சொல்லிப்போட்டு, மேசையிலை இருந்த விலாசத் துண்டை எடுத்துத் தன்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டார். விடிய முதல் பஸ்ஸிலை போயிட்டார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தன் எண்டு மட்டும் ஒரு தந்தி வந்தது."

யோகலிங்கம் கடிதத்தை மடித்தான், திரும்ப விரித்தான். மன்னார்குடி என்று தெரியும். மனைவி பெயர் வத்சலா என்று தெரியும். எந்தத் தெரு, என்ன இலக்கம், நாலு வருஷத்தில் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் என்ன எழுதுவது? வெளியே மூன்றாம் நம்பர் பம்பில் பெற்றோல் அடித்தவன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு, பிறகு யோகலிங்கம் மேசையில் தலையை வைத்து, வெட்கம் மானம் பாராமல் அழுதான்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாற்ற வந்த றெஜினோல்ட் அவனையும் கடிதத்தையும் பார்த்துப் பயந்துபோனார்.

"என்னடாப்பா? அந்தாளுக்கு வழியிலை ஏதும் நடந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை."

"விட்டிட்டாங்கள்தானே?"

"ஓம். சுகமாய் ஊருக்குப் போய்ச் சேர்ந்திட்டான்."

"பிறகேன் அழுறாய்?" என்று கேட்டார் றெஜினோல்ட்.