பித்தளைக்கு வருவது பிள்ளைக்கா?

இந்தக் காலத்தில் பிள்ளை அழுதால் யார் பிள்ளையைத் தூக்குகிறார்கள்? முதலில் ஃபோனைத்தான் தூக்குகிறார்கள். மருமகள் ரெஜிலாவும் அந்த ரகம்தான். ஒன்றரை வயது மகளின் முழங்கைப் புண்ணைப் படம் பிடித்து, மஸ்கட்டில் இருக்கும் புருஷனுக்கு அனுப்பிவிட்டுத்தான் பிள்ளையை இடுப்பில் வைப்பாள். மாமனார் ஜெபசீலனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைக்குக் கரப்பான். அவள் பெயர் ஸ்மைலின், ஆனால் அவள் சிரித்துப் பார்த்தவர்கள் இராஜாக்கமங்கலத்தில் குறைவு. கைமடக்கு, கால்மடக்கு, கழுத்தெல்லாம் சிவந்து நீர் வடிந்தது. தூக்கத்திலும் சொறிந்து தலையணையெல்லாம் ரத்தப் பொட்டு. நெத்திலியை நிறுத்தினார்கள், முட்டையை நிறுத்தினார்கள். சொறி மட்டும் நிற்கவில்லை. நாகர்கோவில் தோல் டாக்டரிடம் போனபோது, காவலுக்குப் போவதுபோல் ஜெபசீலனும் கூடப் போனார்.

டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கம், சுத்தத் தமிழ். குளிப்பாட்டிய ஈரம் காயுமுன் களிம்பைத் தடவி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் காய்ந்த துணியைச் சுற்றச் சொன்னார். பயந்து பயந்து தடவினால் கேட்காது, புண் பழுத்தால் ஆஸ்பத்திரியில்தான் கிடத்தவேண்டும் என்றும் சொன்னார்.

ஜெபசீலன் காதில் ஏறியது ஒரே சொல்தான். களிம்பு. பித்தளைப் பானையில் பச்சையாகப் பிடிக்குமே, அது. அந்தப் பானையில் மோர் குடித்தாலே வயிறு புரட்டும். அதைப் போய்ப் பச்சைப்பிள்ளைக்கா?

அன்றிலிருந்து, ரெஜிலா தடவிவிட்டுத் துணி நனைக்கப் போகும் இடைவெளியில், இவர் துண்டால் ஒத்தி ஒத்தித் துடைத்துவிடுவார். சொறி கூடியது. ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்துவைத்த நாளில்தான் ரெஜிலா கையும் துண்டுமாகப் பிடித்தாள்.

"என்ன மாமா செய்யுதியோ?"

"களிம்ப எடுக்கேன். பிள்ளைய என்ன பித்தளக் கொடம்னு நெனச்சியா?"

ரெஜிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மருந்து கேக்கலியேன்னு நான் கெடந்து கரையுதேன். தொடச்சது நீங்களா? ஆயின்மென்டத்தான் மாமா அவங்க களிம்புன்னு சொன்னாங்க."

"அத ஆயின்மென்டுன்னே சொல்லதுக்கு அவளுக்கு நாக்கு வளையாதா?"

இருந்தாலும் அவளை நம்பிவிடவில்லை. அதைத் தன் முழங்கையில் தடவிக்கொண்டு மறுநாள் வரை பார்த்தார். கண் சரியில்லையோ என்று சந்தேகம் வந்து, பக்கத்து வீட்டு யாக்கூப்பிடம் கையை நீட்டிப் பச்சை தெரிகிறதா என்று கேட்டார்.

"அழுக்குத்தான் ஓய் தெரியுது," என்றார் யாக்கூப்.

அதன்பிறகு துடைக்கவில்லை. ஆனால் ஈரத்துணி சுற்றும்போதெல்லாம், சளி கட்டுகிறதா என்று பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துப் பார்ப்பார். சளி வரவில்லை. மெல்ல மெல்லச் சிவப்பு வெளுத்தது. மத்தியானத்தில் பிள்ளை சொறியாமல் தூங்கினாள். ஒருநாள் எழுந்ததும் அவர் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரிக்கவும் செய்தாள்.

ரெஜிலா விடவில்லை. "இப்பம் சம்மதிக்குதியோ மாமா?"

"காத்து மாறியிருக்கு. ஒனக்க டாக்டரா காத்த மாத்தினா?"

மீசையைப் பிள்ளையின் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி, ஜெபசீலன் டீக்கடைப் பக்கம் நடந்தார்.