நிழல் விழ அனுமதி

அக்காவுக்கு உண்மை பேசும் வியாதி. மொட்டைமாடிச் சாவி கேட்கப் போனவள், துணி காயப்போட என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சூரியனுக்கு எங்கோ அப்பால் சுற்றும் ஒரு பனிக்கட்டி உலகத்தின் நிழல் நம் குடியிருப்பின் மேல் விழப்போகிறது என்று சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டு வந்தாள். இவளோடு மாரடிக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பனிக்கட்டி ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் வரும்போது நட்சத்திரம் சில நொடிகள் காணாமல் போகும். எத்தனை நொடி என்று தெரிந்தால் அதன் அகலத்தைக் கணக்குப் போடலாம். இதற்காக அக்கா கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டவள். தவறவிட்டால் இன்னொரு வாய்ப்பு எப்போது என்று அவளுக்கே தெரியாது.

செயலாளர் அவசரக் கூட்டம் போட்டார். நிழலால் துணி காயாமல் போகுமா என்றார் கீழ்வீட்டுக்காரர். அது நட்சத்திர வெளிச்சத்தின் நிழல், யார் கண்ணுக்கும் தெரியாது என்று அக்கா தொண்டை வற்றச் சொன்னாள். தெரியாத நிழல் என்றதும் சந்தேகம் அதிகமானது. கடைசியில், நிழல் விழலாம், ஆனால் எல்லா வீட்டின் மேலும் பாரபட்சமின்றி விழ வேண்டும், செயலாளர் கூட இருந்து மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நிழல் விழ வேண்டிய நாளில், சாயங்காலம் இருட்டியதும் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தினோம். பக்கத்து ஊர்களில் காத்திருந்த அக்காவின் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்கும் மேகம் என்றார்கள். மிச்சம் எங்கள் மாடிதான். அக்கா கேமராத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திடீரென்று நட்சத்திரம் மறைந்தது. கூடவே சுற்றியிருந்த எல்லா நட்சத்திரங்களும் மறைந்தன.

நிமிர்ந்து பார்த்தால், செயலாளர் தொலைநோக்கிக் குழாயின் வாய்க்குள் தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிழல் உள்ளே வந்துவிட்டதா என்று சரிபார்க்கிறாராம்.

அக்கா பாய்ந்து போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. மனுஷன் திருதிருவென முழித்தார். நான் நடுவில் புகுந்து விலக்கினேன். அக்கா திரைக்கு ஓடினாள். நட்சத்திரங்கள் எல்லாம் பழையபடி மின்னிக்கொண்டிருந்தன. கடிகாரத்தைப் பார்த்தாள், நேரம் கடந்திருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கேமரா மட்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பதிவை நான் திருப்பி ஓட்டினேன். செயலாளரின் தலை வந்தது, போனது. பிறகு சற்று நேரம் கழித்து, ஒரே ஒரு நட்சத்திரம் பட்டென்று அணைந்தது. மற்றவை அப்படியே இருந்தன. சில நொடிகளில் அது மறுபடி எரிந்தது. தொடக்கமும் முடிவும் சுத்தமாகப் பதிவாகியிருந்தன. அகலம் கிடைத்துவிட்டது.

நான் துள்ளிக் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை.

"வந்துட்டுப் போயிருக்குடா. நான் இவரத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

செயலாளர் காலரைச் சரிசெய்தபடி மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"இன்னொரு தடவ வரச் சொல்லும்மா. அந்தத் தடவ கூட்டம் எதுவும் போட மாட்டோம்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். செயலாளர் மாடிச் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.