பச்சையம்மாள் கேட்ட குரல்

பந்தல் மூங்கிலில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தனம் ஒரே இழுப்பில் கிழித்தாள். மேளம் நின்றுவிட்டது.

‘வானொலி நிலைய அதிகாரி கோதண்டராமன் மறைந்தார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காலையில் வேணு சித்தப்பா டவுனுக்குப் போய் அச்சடித்துக்கொண்டு வந்தது.

“ஏம்மா, செத்தவனுக்கு மரியாதை பண்ணது தப்பா?” என்றார் அவர்.

“எங்க அண்ணன் எந்த ரேடியோ ஸ்டேஷன்லயும் வேலை செய்யல சித்தப்பா. எத்தினி வாட்டி சொல்றது? பெரிய பெரிய நட்சத்திரம் பொறக்குற எடத்துல தண்ணி ஆவியா கெடக்கும். அதுலேர்ந்து லேசர் மாதிரி ஜாஸ்தி பலமா ரேடியோ அலை வரும். மேசர்னு பேரு. அதை ஆன்டெனா வெச்சுப் புடிச்சு ஆராய்ச்சி பண்ணவரு.”

“அதான் ரேடியோன்னு நீயே சொல்றியே.”

பந்தலில் யாரோ சிரித்தார்கள். சாவு வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. தனம் கிழித்த நோட்டீஸைக் கசக்கினாள். பெங்களூரில் அத்தனை வருஷம் கண் விழித்தவர், காமாலை முற்றிப் படுத்த பிறகும் அந்த அலைகளின் வரைபடங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர். அவருக்கு அடி அண்ணாமலை ஊர் கொடுக்கிற மரியாதை இவ்வளவுதானா?

சித்தப்பா விடவில்லை. “எம்பொண்ணு பொன்னி கல்யாணத்துக்கு நேயர் விருப்பத்துல எங்க பேரைச் சொல்லி ஒரு பாட்டு போடுடான்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டான். அதெல்லாம் மனசுல வெச்சுக்காமத்தான் நோட்டீஸ் அடிச்சேன்.”

“போடறதுக்கு அவர்கிட்ட ஏது பாட்டு?” தனம் கத்தினாள். “என்னா பண்றேன்னு இந்த ஊர்ல ஒருத்தராவது அவரை ஒக்கார வெச்சுக் கேட்டீங்களா? இந்தப் பொய்யோட அவரை அனுப்ப மாட்டேன்.”

மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் நிமிர்ந்தாள்.

“அப்போ அவன் ரேடியோல பேசவே இல்லியா தனம்?”

“இல்லம்மா.”

“தொண்டை கட்டினாப்புல ஒருத்தன் செய்தி படிப்பான். இவன்தான்னு நெனச்சேன். வெந்நி குடிடான்னு ரேடியோகிட்டயே சொல்லுவேன்.”

சித்தப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

பாடை தூக்க ஆட்கள் குனிந்தபோது, கிரிவலப் பாதை டீக்கடை ரேடியோவில் சாயங்காலச் செய்தி ஆரம்பித்தது. கட்டிய தொண்டையில் அதே குரல். நிறுத்தச் சொல்லச் சித்தப்பா ஓடினார்.

“இருக்கட்டும் வேணு,” என்றாள் பச்சையம்மாள்.

செய்தி முடிகிறவரைக்கும் யாரும் பாடையைத் தூக்கவில்லை.